கல்லீரல் புற்றுநோய்: ஊசிமுனையில் மருத்துவம், உரிய காலத்தில் சோதனை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. இவ்வாண்டு கல்லீரல் புற்றுநோயைப் பற்றிச் சில செய்திகளை எடுத்துரைக்குமாறு நிர்வாகத்தினர் என்னைப் பணித்தார்கள். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும், அவர்கள் எழுதியவற்றைப் படித்தும் அறிந்ததையே சொல்லப் போகிறேன்.

இமாமுக்கும் இந்த நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நோயுற்றோரின் குடும்பத்தார் மருத்துவமனைக்குச் செல்லுமுன்னும், சென்று வந்த பின்னும் பள்ளிவாசலுக்கு வருகிறார்கள். பைத்துல்மாலிலிருந்து உதவி கேட்டு வருவோர் ஒரு சாரார். "இந்த மருந்து நமக்கு ஆகுமா?" என்று மார்க்கத் தீர்ப்புக் கேட்டு வருவோர் மற்றொரு சாரார். "ஈரலில் கட்டியாம், இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லையாம், வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம், துஆச் செய்யுங்கள்" என்று வருவோர் மூன்றாம் சாரார். இந்த மூன்றாம் சாராரை எண்ணியே இன்று பேசுகிறேன். அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே செய்வதற்கு ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வேறு சிலர், செய்வதற்கு ஏராளம் இருக்கும்போதே கைவிட்டு விடுகிறார்கள். இன்னும் பலர், ஓராண்டுக்கு முன் வந்திருந்தால் ஓர் ஊசிமுனையில் முடிந்திருக்கக்கூடிய காரியத்தைக் காலம் கடந்து கொண்டு வருகிறார்கள்.

நோயின் அளவும் இயல்பும்

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 8,66,000 பேருக்குப் புதிதாகக் கல்லீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இந்நோயால் இறந்தோர் சுமார் 7,58,000 பேர். புதிதாக நோயுறுவோர் எண்ணிக்கையும் இறப்போர் எண்ணிக்கையும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே இந்நோயின் கடுமையைச் சொல்லும். அதற்குக் காரணம் கல்லீரலின் இயல்பிலேயே இருக்கிறது.

கல்லீரல் வலது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும், சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ள உறுப்பாகும். அதன் உட்பகுதிக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கே வலியுணர்வு உண்டு. எனவே உள்ளே வளரும் சிறு கட்டி யாருக்கும் தெரிவதில்லை. கட்டி பெருத்து உறையை இழுக்கும்போதோ, மஞ்சள் காமாலை தோன்றும்போதோ, வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும்போதோதான் மருத்துவரிடம் செல்கிறோம். அப்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கிறது.

இரண்டாவது செய்தி இதைவிட முக்கியமானது. இப்புற்றுநோய் பெரும்பாலும் நல்ல கல்லீரலில் தோன்றுவதில்லை. பல்லாண்டுகளாக நோயுற்று, தழும்பேறி, சுருங்கிப்போன கல்லீரலிலேயே அதிகமாகத் தோன்றுகிறது. இந்தச் சுருக்க நோயை மருத்துவர்கள் சிரோசிஸ் என்பர். ஆகவே மருத்துவர் ஒரே நேரத்தில் இரண்டு நோய்களோடு போராட வேண்டியிருக்கிறது. நல்ல கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் எஞ்சிய பகுதி வளர்ந்து ஈடுசெய்துவிடும். சுருங்கிய கல்லீரலால் அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. பலருக்கு அறுவை சிகிச்சை செய்ய முடியாது என்று மருத்துவர் கூறுவதன் பொருள் இதுவே. "அறுவை செய்ய முடியாது" என்ற சொல்லைக் கேட்டதும், "ஒன்றுமே செய்ய முடியாது" என்று நாமே பொருள் கொண்டுவிடுகிறோம். இவ்விரண்டும் வேறு வேறு.

முதல் வழி: ஊசியால் எரித்தல்

கட்டி சிறிதாக இருந்தால் வயிற்றைக் கிழிக்காமலே அதை அழிக்கலாம். ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே தோலின் வழியாக ஒரு மெல்லிய ஊசியைக் கட்டியின் நடுவே செலுத்துவார்கள். ஊசி முனையில் மின்னலைகளால் வெப்பம் உண்டாகும். அறுபது பாகைக்கு மேல் சூடேறும்போது கட்டியின் உயிரணுக்கள் வெந்து மடிகின்றன. இது ரேடியோ அலை எரிப்பு எனப்படும். அடுப்படிகளில் இன்று காணும் மைக்ரோவேவ் அடுப்பின் அலைகளைப் போன்ற அலைகளைக் கொண்டும் இதே பணியைச் செய்கிறார்கள்.

கட்டி மூன்று செண்டிமீட்டருக்கு உட்பட்டதாகவும், எண்ணிக்கையில் மூன்றுக்கு மேற்படாததாகவும் இருந்தால் இம்முறை நன்கு பயன்தரும். இரண்டு செண்டிமீட்டருக்கு உட்பட்ட ஒற்றைக் கட்டியாயின், இதையே முதல் சிகிச்சையாக ஏற்கலாம் என்பது மருத்துவ உலகின் வழிகாட்டுதல். கட்டி பெரிதாகப் பெரிதாக ஓரங்களில் சிறிது மிஞ்சி மீண்டும் வளர இடமுண்டு. பெரிய இரத்தக் குழாயை ஒட்டிக் கட்டி இருந்தால், ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவதால் எரிப்பு முழுமையாகாது.

இவ்வசதிகள் வருமுன், தூய ஆல்கஹாலை ஊசியால் கட்டிக்குள் செலுத்தி அதை மடியச் செய்யும் முறை 1980களிலிருந்து நடைமுறையில் இருந்தது. இன்றும் சில இடங்களில் அதைக் கையாளுகிறார்கள்.

இரண்டாம் வழி: மடையை அடைத்தல்

கட்டி பெரிதாகவோ பலவாகவோ இருந்தால் ஊசி போதாது. அதற்கு வேறொரு வழி உண்டு. அதை விளங்கிக்கொள்ள நெல்லைச் சீமை மக்களுக்குப் பெரிய கல்வி எதுவும் வேண்டியதில்லை.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேரும் தாமிரபரணியில், கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. பழவூர் அணையிலிருந்து பாளையங்கால்வாய் பிரிகிறது. சுத்தமல்லி அணையிலிருந்து நெல்லைக் கால்வாய் பிரிகிறது. எந்த வயல் எந்தக் கால்வாயில் நீர் குடிக்கிறது, எந்த மடையை அடைத்தால் எந்த வயல் காயும் என்பது நம் விவசாயிகளுக்கு மனப்பாடம்.

கல்லீரல் என்ற வயலுக்கும் இரண்டு வாய்க்கால்கள் உண்டு. குடலிலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாய் ஒன்று. கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அதன் வழியே வருகிறது. இதயத்திலிருந்து பிரிந்து வரும் தமனி மற்றொன்று. அதன் வழியே வருவது கால் பங்கு. நல்ல கல்லீரல் பெரும்பாலும் பெரிய வாய்க்காலில் குடிக்கிறது. புற்றுக்கட்டியோ ஏறத்தாழ முழுவதும் தமனியாகிய சிறிய வாய்க்காலிலேயே குடிக்கிறது. பயிர் ஒரு வாய்க்காலிலும் களை இன்னொரு வாய்க்காலிலும் நீர் குடிப்பதை ஒத்தது இது. களையின் மடையை மட்டும் அடைத்தால் களை வாடும், பயிர் பிழைக்கும்.

மருத்துவர் தொடையின் மேற்பகுதியில் அல்லது மணிக்கட்டில் உள்ள தமனியில் ஒரு சிறு துளையிட்டு, மெல்லிய குழாயைச் செலுத்துகிறார். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி அக்குழாயைக் கல்லீரலின் தமனிக்குள்ளும், அதிலிருந்து கட்டிக்கு நீர்பாய்ச்சும் கிளைக்குள்ளும் நகர்த்துகிறார். அங்கே புற்றுநோய் மருந்தைக் கசகசா எண்ணெயிலிருந்து செய்யப்படும் ஓர் அயோடின் எண்ணெயோடு கலந்து செலுத்துகிறார். பிறகு நுண்ணிய துகள்களால் அக்கிளையை அடைத்துவிடுகிறார். மருந்து கட்டிக்குள்ளேயே தங்குகிறது. கட்டிக்கு உணவும் நின்றுபோகிறது. பொதுவாக நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. துளையிடும் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். இச்சிகிச்சையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி டேஸ் என்கிறார்கள்.

இதனால் பலன் உண்டா? 2002ஆம் ஆண்டு ஸ்பெயினின் பார்சிலோனா நகர மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டாண்டு முடிவில், இச்சிகிச்சை பெற்றோரில் 63 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். பெறாதோரில் 27 விழுக்காட்டினரே உயிருடன் இருந்தனர். அதே ஆண்டு ஹாங்காங்கில் வெளியான ஆய்வும் இதையே உறுதிப்படுத்தியது. நோயை வேரோடு அகற்றிவிடும் என்று இதற்குப் பொருளல்ல. காலத்தை நீட்டித்துத் தருகிறது. மகளின் திருமணத்தைக் காணவும், கடனைத் தீர்க்கவும், வஸிய்யத்தை எழுதவும் அந்தக் காலம் ஒருவருக்கு எவ்வளவு பெரிது என்பதை நாம் அறிவோம்.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் காய்ச்சலும், வலியும், குமட்டலும் இருக்கும். அதைக் கண்டு குடும்பத்தார் பயந்துவிடக் கூடாது. சில வாரங்களுக்குப் பின் மீண்டும் ஸ்கேன் எடுத்து, தேவையாயின் மறுபடியும் செய்வார்கள். ஊருக்குத் திரும்பியதும், "ஒருமுறை செய்தாயிற்று" என்று இருந்துவிடுவதே நாம் செய்யும் பெரும் தவறு.

மூன்றாம் வழி: கதிர்மணிகள்

இதே தமனியின் வழியாக மருந்துக்குப் பதில் கதிரியக்கம் கொண்ட நுண்மணிகளை அனுப்பும் முறையும் உண்டு. கண்ணாடியாலான அம்மணி ஒன்றின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். அதில் இட்ரியம் 90 என்னும் தனிமம் அடங்கியுள்ளது. அதன் கதிர்கள் உடலுக்குள் சராசரியாக இரண்டரை மில்லிமீட்டர் தூரமே செல்லும். எனவே கட்டி கருகும். அப்பால் உள்ள பகுதி பெரிதும் தப்பும். 64 மணி நேரத்திற்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மணிகள் நுரையீரலுக்குச் சென்றுவிடுமா என்பதை முன்கூட்டியே ஒரு சோதனையால் அறிந்துகொண்ட பின்னரே இதைச் செய்கிறார்கள். வெளிநாட்டு மணிகளின் விலை மிக அதிகம். மும்பையிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இம்மணிகளை நம் நாட்டிலேயே உருவாக்கியிருப்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

மாத்திரையும் ஒரு வழக்கும்

நோய் கல்லீரலைத் தாண்டிப் பரவியோர்க்கு, உடல் முழுவதும் செல்லும் மருந்துகளே வழி. கட்டியின் வளர்ச்சிக்குத் தேவையான சில சமிக்ஞைகளை மட்டும் குறிபார்த்துத் தடுக்கும் சோராஃபெனிப் என்ற மாத்திரை 2007இல் கல்லீரல் புற்றுநோய்க்கு அங்கீகாரம் பெற்றது. இந்தியாவில் பேயர் என்னும் ஜெர்மன் நிறுவனம் அதன் காப்புரிமையைப் பெற்றிருந்தது. ஒரு மாதத்திற்கான 120 மாத்திரைகளின் விலை 2,80,428 ரூபாய். நம் மஹல்லாவில் எத்தனை குடும்பங்களால் அதைக் கொடுத்திருக்க இயலும்?

2012 மார்ச் 9ஆம் நாள், இந்தியக் காப்புரிமைத் துறை, ஹைதராபாதின் நாட்கோ நிறுவனம் அதே மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்பதற்குக் கட்டாய உரிமம் வழங்கியது. நம் நாட்டில் அத்தகைய உரிமம் வழங்கப்பட்டது அதுவே முதன்முறை. பேயர் நிறுவனம் மேல்முறையீடு செய்தது. அப்போது சென்னையில் இயங்கிவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதி செய்தது. மூல நிறுவனத்துக்குரிய பங்கை மட்டும் 6 விழுக்காட்டிலிருந்து 7 ஆக உயர்த்தியது. 2014 டிசம்பரில் உச்சநீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கண்டுபிடித்தவனுக்கு உரிய பங்கையும் கொடுத்து, ஏழைக்கும் மருந்து கிடைக்கச் செய்த தீர்ப்பு இது. இன்று அக்காப்புரிமையின் காலம் முடிந்துவிட்டது.

இம்மாத்திரையின் பலனையும் அளந்தே சொல்ல வேண்டும். முதன்மையான ஆய்வில், இதை உண்டவர்களின் ஆயுள் இடைநிலைக் கணக்கில் 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக நீண்டது. 2020இல், உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய ஊசிமருந்து ஒன்றையும், கட்டிக்கு இரத்தக் குழாய்கள் வளர்வதைத் தடுக்கும் ஊசிமருந்து ஒன்றையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு வெளியானது. ஓராண்டு முடிவில் அவற்றைப் பெற்றோரில் 67 விழுக்காட்டினரும், சோராஃபெனிப் பெற்றோரில் 55 விழுக்காட்டினரும் உயிருடன் இருந்தனர். முன்னேற்றம் உண்மையே, செலவும் மிகப் பெரிது. வீட்டை விற்கத் துணியுமுன், "இதனால் எங்களுக்கு எதிர்பார்க்கத்தக்க பலன் என்ன?" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது.

இவை தவிர, கட்டி குறிப்பிட்ட அளவுக்குள் இருப்போர்க்குக் கல்லீரல் மாற்று அறுவையும் உண்டு. கட்டியையும் சுருங்கிய கல்லீரலையும் ஒருசேர நீக்கும் வழி அது ஒன்றே. ஐந்து செண்டிமீட்டருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது மூன்று செண்டிமீட்டருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை எனும் வரையறையை 1996இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் வகுத்தார்கள். இங்கும் பேச்சு அளவைப் பற்றியதே என்பதைக் கவனியுங்கள். சிறிதாக இருக்கும்போது கண்டவனுக்கே எல்லா வாசல்களும் திறந்திருக்கின்றன.

மஞ்சள் காமாலை முற்றி, வயிற்றில் நீர் தங்கி, படுக்கையோடு கிடப்பவருக்கு இச்சிகிச்சைகள் நன்மையைவிடத் தீமையே செய்யும். அந்நிலையில் மருத்துவர் "வேண்டாம்" என்றால், அவர் கைவிடுகிறார் என்று எண்ணாதீர்கள். வலியைத் தணித்து, மனத்தை ஆற்றி, கண்ணியத்தோடு கவனிப்பதும் மருத்துவமே.

மார்க்கம் தொடர்பான கேள்விகள்

தமனியை அடைக்கப் பயன்படும் ஜெலட்டின் பஞ்சு பன்றித் தோலிலிருந்து செய்யப்படுகிறதாமே என்று கேட்கிறார்கள். பரவலாகப் பயன்படும் ஒருவகை அவ்வாறு செய்யப்படுவது உண்மை. செயற்கைப் பொருளாலான துகள்களும் இருக்கின்றன. முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டு, கிடைத்தால் அவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். கிடைக்காதபோது, உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தில் மார்க்கச் சட்டம் சலுகை அளிக்கிறது. மூலப்பொருளின் தன்மை முற்றிலும் மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்ற கருத்துடைய அறிஞர்களும் உளர். ஊசியால் ஆல்கஹால் செலுத்துவது மது அருந்துவதாகாது. அது கட்டியை அழிக்கும் மருந்து. இவற்றைக் காரணம் காட்டி எவரும் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோயாளியிடம் நோயைச் சொல்லலாமா என்பது மற்றொரு கேள்வி. பெரும்பாலான வீடுகளில் மறைத்துவிடுகிறார்கள். தமக்கு என்ன நோய் என்று அறியாதவர், மறுபடியும் ஸ்கேன் எடுக்க ஏன் செல்வார்? கடனையும் அமானிதங்களையும் ஒப்படைக்க அவருக்கு வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்? மென்மையாக, படிப்படியாகச் சொல்லுங்கள்; பொய் சொல்லாதீர்கள்.

மூன்றாவது, கேள்வியல்ல, புறம் பேசுதல். ஒருவருக்கு ஈரல் நோய் என்றதும், "இரகசியமாகக் குடித்திருப்பார்" என்று பேசிவிடுகிறார்கள். மது ஒரு காரணம்; ஐயமில்லை. ஆனால் ஹெபடைடிஸ் பி, சி என்னும் கிருமிகளும், சர்க்கரை நோயும் உடல் பருமனும் சேர்ந்து உண்டாக்கும் கொழுப்பு ஈரலும், மதுவைத் தொட்டே பார்க்காதவருக்கும் இந்நோயைத் தரும். அந்த அவதூறுக்கு அஞ்சியே பலர் நோயை மறைக்கிறார்கள்.

"அன்ஃபிட்" என்ற சீட்டு

இளைஞர்களே, இது உங்களுக்கு. வளைகுடா நாடுகளுக்குப் புறப்படுமுன் நடக்கும் உடற்தகுதிச் சோதனையில் ஹெபடைடிஸ் கிருமிகளையும் பார்க்கிறார்கள். கிருமி இருந்தால் "அன்ஃபிட்" என்று எழுதிவிடுகிறார்கள். விசாவுக்குக் கடன் வாங்கியிருந்த இளைஞன் மனமுடைந்து, அச்சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் உள்ளூரில் வேலை தேடிக்கொள்கிறான். இருபது ஆண்டுகள் கழிந்து நாற்பத்தைந்து வயதில் கட்டியோடு வருகிறான். அந்தச் சீட்டு அவனுடைய பயணத்தைத் தடுத்தது உண்மை. ஆனால் அது, அவனுடைய உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய முன்னறிவிப்பாகவும் இருந்தது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தியாவில் ஹெபடைடிஸ் பி கிருமியோடு வாழ்வோர் 2022இல் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர். அவர்கள் எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. எல்லோருக்கும் கண்காணிப்புத் தேவை. 2018 ஜூலை 28இல் தொடங்கப்பட்ட தேசியக் கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ் சோதனையும் மருந்தும் இலவசமாகக் கிடைக்கின்றன. பி கிருமியை மாத்திரையால் அடக்கி வைக்கலாம். சி கிருமியோ, பெரும்பாலோர்க்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் முற்றிலும் நீங்கிவிடுகிறது.

கல்லீரல் சுருக்க நோய் உள்ள ஒவ்வொருவரும், பி கிருமி உள்ள நாற்பது வயது கடந்த ஆண்களும், ஐம்பது கடந்த பெண்களும், குடும்பத்தில் இந்நோய் கண்ட கிருமியாளர்களும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் செய்துகொள்ள வேண்டும். ஏ.எஃப்.பி. என்னும் இரத்தச் சோதனையையும் மருத்துவர் உடன் சேர்ப்பதுண்டு. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே போதும். இரண்டு செண்டிமீட்டர் கட்டியை அது காட்டிக்கொடுத்தால், நான் முதலில் சொன்ன ஊசியே போதுமானதாக இருக்கக்கூடும்.

இக்கிருமி இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. ஒரே ஸஹனில் கைசேர்த்து உண்பதாலோ, முஸாஃபஹா செய்வதாலோ பரவாது. கிருமி உள்ளவரை விருந்தில் ஒதுக்கி வைப்பது அநீதி. திருமணப் பேச்சின்போது தெரிந்தால், மணமுடிக்கவுள்ளவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். சம்பந்தத்தை முறிக்க வேண்டியதில்லை. அதே வேளையில் கத்னா, ஹிஜாமா, தலைமுடி மழித்தல் ஆகியவற்றில் ஒருவருக்குப் பயன்படுத்திய கத்தியையோ பிளேடையோ மற்றவருக்குப் பயன்படுத்தலாகாது. ஹஜ்ஜில் முடி களையும் இடத்திலும் இதை வற்புறுத்துங்கள்.

கீழாநெல்லி

கீழாநெல்லி இருக்க ஊசி எதற்கு என்பாரும் உளர். நான் அம்மூலிகையை இழித்துரைக்க மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பர்க் அவர்களோடு சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்றது அவ்வாய்வு. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னர் தாய்லாந்து முதலிய இடங்களில் செய்த ஆய்வுகளில் அப்பலன் கிடைக்கவில்லை. அதுவும் கிருமியைப் பற்றிய ஆய்வே தவிர, புற்றுக்கட்டியைப் பற்றியது அன்று. மூன்று மாதம் மூலிகை உண்டு பார்ப்போம் என்று காத்திருக்கும் காலத்தில், இரண்டு செண்டிமீட்டர் கட்டி ஊசிக்கு அடங்காத அளவுக்கு வளர்ந்துவிடக்கூடும்.

தடுப்பூசி

எல்லாவற்றுக்கும் மேலான மருத்துவம் வருமுன் காப்பதே. தைவான் நாடு 1984 முதல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டது. அதன்பின் அங்கே 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய், இலட்சத்துக்கு 0.70 என்றிருந்தது 0.36 ஆகக் குறைந்தது என்று 1997இல் அறிவித்தார்கள். புற்றுநோயைத் தடுப்பூசியால் தடுக்க இயலும் என்று உலகம் கண்டது அப்போதுதான். 1997இலேயே ஹைதராபாதின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் இத்தடுப்பூசியை நம் நாட்டில் தயாரித்து விலையைக் குறைத்தது. 2011 முதல் நாடெங்கும் அரசு இதை இலவசமாகப் போடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடப்பட வேண்டும். பிறப்பின்போது தொற்றிய குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிருமி நிலைத்துவிடும் என்பதே இந்த அவசரத்துக்குக் காரணம். அதற்கு முன் பிறந்தோரில் பலர் இதைப் பெற்றிருக்கமாட்டார்கள். அவர்கள் இரத்தத்தைச் சோதித்து, கிருமி இல்லையெனில் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஜமாஅத்துக்குச் சில வேண்டுகோள்கள்

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2019 ஜனவரியில் பல்நோக்கு உயர் சிகிச்சைப் பிரிவுக் கட்டடம் திறக்கப்பட்டது. முதலில் அங்கே செல்லுங்கள். மேற்சிகிச்சைக்கு மதுரை, திருவனந்தபுரம், வேலூர், சென்னை என எங்குச் செல்ல வேண்டும் என்பதை அங்குள்ள மருத்துவரின் ஆலோசனைப்படி முடிவு செய்யுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பம் நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது. பணம் கட்டுமுன், தேவைப்படும் சிகிச்சை அத்திட்டத்தில் அடங்குகிறதா என்று மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் கேளுங்கள். ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் தேதி வாரியாக ஒரே பையில் வைத்திருங்கள்.

நிர்வாகத்தினருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஆண்டுக்கு ஒருமுறை, ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி நாளையொட்டி, அரசு மருத்துவத் துறையின் துணையோடு பள்ளிவாசல் வளாகத்தில் இரத்தச் சோதனை முகாம் நடத்துங்கள். முடிவுகளை ஒவ்வொருவரிடமும் தனிமையில் தெரிவிக்க ஏற்பாடு செய்யுங்கள். பைத்துல்மால் உதவியில் ஒரு பகுதியை, கிருமியுள்ள ஏழைகளின் ஆறு மாத ஸ்கேனுக்கு ஒதுக்குங்கள். நோய் முற்றிய பின் ஒருவருக்கு நாம் திரட்டிக் கொடுக்கும் தொகையில், முன்கூட்டிப் பலருக்கு ஸ்கேன் செய்துவிடலாம்.

தாமிரபரணியில் வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துவதைத் தவக்குல்லுக்கு மாறானது என்று நாம் சொல்வதில்லை. இதுவும் அத்தகையதே. முயற்சி நம்முடையது, ஷிஃபா அளிப்பவன் இறைவன். நோயுற்றோர் அனைவருக்கும் அவன் பூரண நலத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக. ஆமீன்.